மனநோயை மறைத்தல் தகாது

(வட்டார வளர்ச்சி அலுவலர், அரூர்)

ஊராட்சியின் பணிகள் பலவாகும். குடிநீர்க் குழாய் பழுதுபட்டால் மறுநாளே நமது அலுவலகத்திற்கு முறையீடு வந்துவிடுகிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் அன்று இரவே தொலைபேசி மணி ஒலிக்கிறது. ஏரிக்கரையில் கசிவு கண்டால் ஊரே திரண்டு நிற்கிறது. ஆனால், ஒரு வீட்டில் ஒருவர் மனம் நோயுற்று, ஆண்டுக்கணக்கில் பின்கட்டிலோ மாட்டுக் கொட்டகையிலோ அடைபட்டுக் கிடப்பாராயின், அதுபற்றி எவரும் முறையீடு தருவதில்லை. அண்டை வீட்டார் அறிவர். ஊராட்சி உறுப்பினரும் அறிவார். ஆயினும் வாய் திறப்பதில்லை. பிறர் வீட்டு இழுக்கைப் பேசாதிருத்தலே பண்பாடு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த மௌனத்தால் விளையும் கேடு யாது, அதனை நீக்க ஊராட்சி மன்றத்தினரும் உழவர் பெருமக்களும் செய்யத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மனநோய் என்பது யாது?

கணையம் செவ்வனே இயங்காதபோது நீரிழிவு உண்டாகிறது. அவ்வாறே மூளையின் இயக்கம் பிறழும்போது எண்ணம், உணர்ச்சி, உறக்கம், செயல் ஆகியவை மாறுபடுகின்றன. இதுவே மனநோய். இதில் பல வகைகள் உண்டு. எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் உணவும் குன்றி, வாரக்கணக்கில் சோர்ந்திருப்பது மனச்சோர்வு நோய். இல்லாத குரல் காதில் கேட்பதும், எல்லோரும் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று ஐயுறுவதும், தனியே பேசித் திரிவதும் மனச்சிதைவு நோயின் குறிகள். சில காலம் அளவு கடந்த எழுச்சியும், சில காலம் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது மற்றொரு வகை. பிள்ளைப்பேற்றிற்குப் பின் சில தாய்மார்க்கு வரும் மனக்கலக்கமும், இடைவிடாத குடியினால் நேரும் மனக்கோளாறும் இவற்றுடன் சேர்ந்தவையே. பிறவியிலிருந்து வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும், வலிப்பு நோயும் இவற்றின் வேறானவை. இவற்றுக்குரிய மருத்துவமும் வேறு.

மரபு வழி, வாழ்வில் நேரும் பேரிடர்கள், கடன் தொல்லை, குடிப்பழக்கம், உடல் நோய்கள் எனக் காரணங்கள் பல ஒன்று கூடியே மனநோய் தோன்றுகிறது. முன்வினையோ, செய்வினையோ, காற்றுக் கருப்போ, பெற்றோர் வளர்ப்பின் குறையோ இதற்குக் காரணமல்ல. இது தொற்று நோயும் அன்று. நோயுற்றவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதால் எவருக்கும் எத்தீங்கும் நேராது.

நமது ஊரில் எத்தனை பேர்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் மனச்சிதைவு நோயால் துன்புறுகின்றனர். இக்கணக்கின்படி 3,000 மக்கள் வாழும் ஓர் ஊராட்சியில் இந்த ஒரு நோயுடையவர் மட்டுமே பத்துப் பேர் இருத்தல் கூடும். நமது நாட்டில் 2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல அளவாய்வு நடத்தப்பட்டது. வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குச் சிறிதும் பெரிதுமான ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டறிந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை இருந்தனர்.

ஆகவே, "எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் இல்லை" என்று ஓர் ஊராட்சித் தலைவர் கூறுவாராயின், அவ்வூரில் நோய் நன்றாக மறைக்கப்பட்டிருக்கிறது என்றே நாம் பொருள் கொள்ளல் வேண்டும்.

ஏன் மறைக்கிறார்கள்?

நமது அரூர் வட்டாரத்தில் மரவள்ளியும் மஞ்சளும் பயிரிடும் ஒரு குடியானவர் குடும்பத்தை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திருப்பூருக்கு வேலைக்குச் சென்ற மூத்த மகன் சில மாதங்களில் ஊர் திரும்பினார். இரவெல்லாம் உறங்காமல், யாரோ தம்மை அழைப்பதாகக் கூறி வெளியே ஓடலானார். பெற்றோர் குறி கேட்டனர். மந்திரித்துக் கயிறு கட்டினர். செய்வினை எடுப்பதற்கென்று கறவை மாட்டை விற்றனர். பயனில்லாமற் போகவே, கிணற்றங்கரை மோட்டார்க் கொட்டகையில் அவரைக் கட்டிப் போட்டனர். விவரமறிந்து சென்ற கிராம சுகாதாரச் செவிலியரிடம் தந்தை கூறியது இதுதான்: "சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்மா. ஆஸ்பத்திரி நோட்டுல இவன் பேரு ஏறிட்டா, அப்புறம் யாரு பொண்ணு எடுப்பாங்க?"

அத்தந்தையைக் கொடியவர் என்று சொல்லலாகாது. மகன்மீது அன்பு இல்லாமலும் இல்லை. ஒரு பிள்ளையின் நோய்க்கும் மற்றொரு பிள்ளையின் வாழ்வுக்கும் இடையே ஊர் அவரை நிறுத்திவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, மகளின் திருமணம் முடிந்த பின்னரே மருத்துவமனைக்குச் செல்ல அவர் இசைந்தார். அப்போதும் அவரை இசையச் செய்தவர் அவ்வூர் ஊராட்சி உறுப்பினராகிய ஓர் அம்மையார். "என் தாயாரும் இதே மாத்திரையை எட்டு வருடமாகச் சாப்பிடுகிறார், வீட்டில் சமையலும் அவர்தான்" என்று அவர் பலர் முன்னிலையில் சொன்னார். இன்று அவ்விளைஞர் மருந்து உண்டு, மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார், ஆடுகளையும் பார்த்துக்கொள்கிறார். இழந்த மூன்று ஆண்டுகளும், கணுக்காலில் உள்ள தழும்பும் மட்டும் மாறவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று. இழிவுக்கு அஞ்சி நோயை மறைக்கிறோம். மறைப்பதால் மருத்துவம் தாமதமாகிறது. தாமதமானால் நோய் முற்றுகிறது. முற்றிய நோயைக் குணப்படுத்துதல் கடினம் என்பது மருத்துவர்கள் பலகாலும் கண்ட உண்மை. முற்றிய நோயாளியைக் காணும் ஊர், "இது தீராத நோய், நெருங்கத் தகாதது" என்று முடிவு செய்கிறது. அதனால் இழிவு மேலும் பெருகுகிறது. செக்குமாடு போல் இது சுற்றிச் சுற்றி வருகிறது. இச்சுற்றில் மருந்தின் பங்கை அரசு செய்கிறது. இழிவை நீக்கும் பங்கு ஊரினுடையது. அதனை எந்த மருத்துவராலும் செய்ய இயலாது.

பெண்கள் நோயுற்றால் துன்பம் இருமடங்காகிறது. மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களைப்பற்றிச் சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வு, நோய் தரும் இழிவைவிட, கணவனால் கைவிடப்பட்டவள் என்னும் பெயரே அவர்களையும் பெற்றோரையும் பெரிதும் வருத்துகிறது என்று 2003 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிற்று. தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட மருமகளின் மருந்துச் செலவு, பிள்ளைகள், சீர்வரிசைப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேச ஊர்ப் பெரியவர்கள் முன்வருதல் வேண்டும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

மறைத்தலின் முடிவு எதுவென்பதை நமது மாநிலம் ஒருமுறை கண்கூடாகக் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவிற்கு வரும் மனநோயாளிகளைத் தங்கவைக்கத் தனியார் பலர் விடுதிகளை நடத்திவந்தனர். பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தார் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டுச் சென்றனர். 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய விடுதிகள் அம்மாதத்திலேயே மூடப்பட்டன. தீ விபத்துக்கு விடுதி நடத்தியோர் பொறுப்பாவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த 28 பேரும் எங்கோ ஓர் ஊரில் பிறந்து, அந்த ஊருக்குத் தெரியாதபடி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வழிபாடும் மருந்தும்

கோயிலுக்கோ தர்காவிற்கோ மாதா கோயிலுக்கோ செல்வதை நாம் குறை கூறவில்லை. துன்புற்ற மனத்திற்கு வழிபாடு ஆறுதல் தருகிறது. தீர்த்தமலைக்குச் சென்று நீராடி வருவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அடித்தல், புகையிடுதல், பட்டினி போடுதல், சூடு வைத்தல், சங்கிலியிடுதல் ஆகியவை வழிபாடு அல்ல, அவை துன்புறுத்தலே. வழிபாட்டையும் மருந்தையும் ஒருங்கே கொள்ளலாம் என்பதற்கு ஏர்வாடியே இன்று சான்று. தர்காவிற்கு வருவோர்க்கு அவ்விடத்திலேயே மனநல மருத்துவம் கிடைக்குமாறு, மருந்தும் பிரார்த்தனையும் எனப் பொருள்படும் "தவா-துவா" திட்டத்தை அரசு அங்கு ஏற்படுத்தியது. நம் பகுதியில் குறி சொல்வோரும் பூசாரிகளும் முதலில் நோயாளியைக் காண்பவர்கள். "பூசையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் டாக்டரையும் பாருங்கள்" என்று அவர்கள் ஒரு சொல் கூறினால் பல குடும்பங்கள் பிழைக்கும்.

மருத்துவம் பயன் தருமா?

சென்னையில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் 1794 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இன்று கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் அதன் வழிவந்ததே. நெடுங்காலம் மனநோய்க்கு மருத்துவம் என்பது அடைத்து வைத்தலாகவே இருந்தது. 1952 ஆம் ஆண்டில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயனுக்கு வந்தபின் நிலைமை மாறியது. நோயாளிகள் வீட்டிலிருந்தே மருத்துவம் பெறுதல் இயல்வதாயிற்று. இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்து, கிராமங்களிலேயே மனநோய்க்குச் சிகிச்சை தரலாம் என்பது 1980-களில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனையொட்டி 1996 ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகிய டாக்டர் சாரதா மேனன் 1984 ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 'ஸ்கார்ஃப்' என வழங்கும் அந்நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. நோயாளி அப்பேருந்தில் அமர்ந்து, திரையில் தோன்றும் சென்னை மருத்துவருடன் பேசி, அங்கேயே மருந்து பெற்றுச் செல்லலாம். சென்னையில் 1981 ஆம் ஆண்டு முதல் 90 மனச்சிதைவு நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வில், பத்தாண்டு முடிவில் பெரும்பாலோரின் நிலை நன்கு தேறியிருந்தது. கோவா, மகாராட்டிரத்தின் சதாரா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் 282 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருத்துவமனைச் சிகிச்சையுடன், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று உதவினால், சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட நோயாளிகள் மேலும் நலம் பெறுகின்றனர் என்று அது காட்டிற்று.

மருந்தைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்தில் கொள்க. முதலாவது, சில மருந்துகளால் தூக்கம், நடுக்கம், உடற்பருமன் போன்றவை நேரலாம். அவற்றை மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இரண்டாவது, குணம் கண்டவுடன் தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது. பயிர் தலை நிமிர்ந்துவிட்டதென்று நீர் பாய்ச்சுதலை நிறுத்துவார் உண்டோ? நோய் மீண்டும் வருவதற்குப் பெரிதும் காரணம் இவ்வாறு இடையில் நிறுத்துவதேயாகும்.

உழவர்கள் காத்த ஊர்

மனநோயாளர்களை ஓர் ஊர் முழுவதும் ஏற்றுக்கொள்ளல் இயலுமா என்று சிலர் ஐயுறலாம். ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள தேவாலயத்திற்குக் குணம் வேண்டி வந்த மனநோயாளர்களை அவ்வூர் மக்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே தம் வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினர். அவர்கள் குடும்பத்தில் ஒருவராக உண்டு, உறங்கி, வயல் வேலையில் தம்மால் இயன்றதைச் செய்தனர். 1930-களின் இறுதியில் இவ்வாறு தங்கியிருந்தோர் 3,700 பேருக்கு மேல் என்பர். எண்ணிக்கை இன்று வெகுவாகக் குறைந்திருப்பினும் அவ்வழக்கம் மறையவில்லை. கீல் மக்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடியானவர்களே. நோயாளிக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் அளித்தனர். களத்தில் நெல் உலர்த்தவும், மரவள்ளிக் கிழங்கு அடுக்கவும், ஆடு மேய்க்கவும் இடமுள்ள நமது ஊர்களில் இது இயலாததன்று.

சட்டம் கூறுவது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஆம் ஆண்டில் நிறைவேறி, 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தலை அது தடை செய்கிறது. தெருவில் அலையும் மனநோயாளரைக் காவல்துறையினர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். அவரைச் சிறைக்கொட்டடியில் அடைத்தலாகாது. நாட்பட்ட மனநோய், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இயலாமையாக ஏற்கப்பட்டுள்ளமையால், உரிய சான்றிதழும் பெறலாம்.

மற்றொன்றையும் கூறுதல் கடமை. கடனாலோ மனச்சோர்வாலோ பூச்சிமருந்து அருந்தியவரைக் கொண்டுவந்து, "தீராத வயிற்றுவலி" என்று எழுதச் சொல்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. வழக்கிற்கும் பழிக்கும் அஞ்சியே இவ்வாறு செய்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு அரசு அவரைப் பேண வேண்டும் என்பதே 2017 ஆம் ஆண்டுச் சட்டம். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் பழைய 309 ஆம் பிரிவு இடம் பெறவில்லை. ஆகவே உண்மையைக் கூறுவோர் மேலான மருத்துவம் பெறுவர். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் தற்கொலை இறப்புகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. மருந்து டப்பாவை வீட்டில் வைக்காமல் பூட்டிய பெட்டியில் வைப்பதும் ஓர் உயிர்காப்பே.

ஊராட்சி செய்ய வேண்டியவை

1. மாவட்ட மனநலக் குழுவினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எந்தெந்த நாளில் வருகின்றனர் என்பதைக் கேட்டறிந்து, ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைத்தல் வேண்டும்.

2. 14416 என்னும் எண்ணை எல்லோரும் அறியச் செய்தல் வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் இந்த அரசுச் சேவையில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

3. சித்தேரி மலைச் சிற்றூர்கள் போன்ற தொலைவிடங்களிலிருந்து மருத்துவமனைக்கு வருவோர்க்கு ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துச் செலவும் உண்டு. அரூரிலிருந்து தருமபுரியே சுமார் 40 கிலோமீட்டர். துணைக்கு ஒருவரை அனுப்பவும், செலவுக்கு உதவவும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்வரலாம்.

4. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்றிலேனும் மனநலம் பற்றிப் பேசுதல் நன்று. உலக மனநல நாள் அக்டோபர் 10 ஆதலின், அக்டோபர் 2 ஆம் நாள் கூட்டம் பொருத்தமானது. நோயாளியின் பெயரையோ குடும்பத்தையோ கூட்டத்தில் குறிப்பிடுதல் கூடவே கூடாது. தாமாக முன்வந்து பேச விரும்புவோர், குணமடைந்தோர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோர்க்கு இடமளிக்க வேண்டும். நோயிலிருந்து மீண்டவரை நேரிற் கண்டு பழகுதலே இழிவைப் போக்கும் வழிகளில் சிறந்தது என்று 2022 ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் ஆராய்ந்து கூறியுள்ளது.

5. நமது பகுதியின் தெருக்கூத்துக் கலைஞர்களைக் கொண்டு இப்பொருளில் ஓரிரவு கூத்து நடத்தலாம். மன்றத்தின் தீர்மானத்தைவிட கட்டியங்காரனின் ஒரு கேள்வி மக்கள் மனத்தில் நன்கு பதியும்.

6. "பைத்தியம்", "கிறுக்கு", "மறை கழன்றவன்" போன்ற சொற்களை ஊராட்சிக் கூட்டத்திலும் பள்ளியிலும் வழங்காதிருத்தல் வேண்டும். பெரியோர் விடுத்தால் சிறுவரும் விடுப்பர்.

7. எங்கேனும் ஒருவர் கட்டிவைக்கப்பட்டிருப்பதை அறிந்தால், முதலில் குடும்பத்தாரிடம் பரிவுடன் பேசுக. செவிலியரை அழைத்துச் செல்க. அவர்களை வைது அச்சுறுத்தினால், அடுத்த முறை இன்னும் ஆழமாக மறைப்பர். நோயாளி கொடுமைக்கு ஆளாகி, குடும்பமும் இசையாவிடில், காவல்துறை வழியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கச் சட்டம் வழி செய்கிறது.

முடிவுரை

தொழுநோயை நம் முன்னோர் எவ்வாறு அஞ்சினர் என்பதை முதியோர் அறிவர். அந்நோயுற்றோர் ஊருக்கு வெளியே குடியிருந்தனர். 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின், உணர்வற்ற தேமலைக் கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் வந்தது. மருந்துடன் ஊராரின் மனமும் மாறியதால் அது நிகழ்ந்தது. மனநோயில் மருந்து முன்னரே வந்துவிட்டது. நாம் மாறவேண்டிய பங்கே எஞ்சியுள்ளது.

பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் "அந்த வீட்டில் ஒருவருக்குச் சித்தம் சரியில்லையாம்" என்று காதோடு காதாகச் சொல்லும் ஒரு சொல்லே, ஒருவரைக் கொட்டகையில் கட்டும் கயிறாகிறது. அச்சொல்லைச் சொல்லாதிருப்பதற்கு அரசாணை வேண்டுவதில்லை. நிதி ஒதுக்கீடும் வேண்டுவதில்லை. "மருந்து சாப்பிடுகிறாராம், நன்றாக இருக்கிறாராம்" என்று நாம் சொல்லப் பழகுவோமாக.

மன்றத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. நமது ஊராட்சியின் மக்கள்தொகை எவ்வளவு? 300 பேருக்கு ஒருவர் என்னும் கணக்கின்படி மனச்சிதைவு நோயுடையோர் எத்தனை பேர் இருத்தல் கூடும்? அவர்களுள் சிகிச்சை பெறுவோர் எத்தனை பேர் இருக்கலாம்? (பெயர்களைக் கூறலாகாது.)

2. மனநல மருத்துவர் நமக்கு அருகில் எங்கு, எந்த நாளில் கிடைப்பார்? இதனை ஊரில் எத்தனை பேர் அறிவர்?

3. நோயிலிருந்து தேறிவரும் ஒருவருக்கு நமது ஊரில் அளிக்கக்கூடிய வேலைகள் யாவை?